தரைக்குக் கீழே ஒரு விரிப்பு

பிரெஞ்சில் நிலத்தடி நீருக்கு 'நாப் ஃப்ரெயாத்திக்' என்று பெயர். 'நாப்' என்றால் சாப்பாட்டு மேசை மேல் விரிக்கிற துணி. 'ஃப்ரெயாத்திக்' என்பது கிணறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கிணறு தோண்டினால் எட்டுகிற ஆழத்தில் யாரோ ஒரு துணியை விரித்து வைத்திருக்கிற மாதிரி. ஆங்கிலத்தில் அதற்கு 'வாட்டர் டேபிள்'. இவர்கள் மேசையைச் சொன்னார்கள், அவர்கள் மேசை மேல் இருக்கிற துணியைச் சொன்னார்கள். தமிழில் நமக்கு இரண்டும் கிடையாது. ஊற்று, ஊற்றுக்கண், நீரோட்டம் என்றுதான் பேசுவோம். உடம்பில் நரம்பு ஓடுவதுபோல மண்ணுக்குள் தண்ணீர் ஓடுகிறது, அந்த நரம்பைக் குறிபார்த்துக் குத்தினால் பீறிட்டு வரும் என்பது நம் ஊர்க் கணக்கு.

இந்தச் சொல் வேறுபாட்டை நான் பல வருஷம் யோசித்ததே இல்லை. 2019 கோடையில் எங்கள் அம்பத்தூர் குடியிருப்பில் போர்வெல் போடுவது பற்றி நடந்த கூட்டத்தில்தான் திடீரென்று ஞாபகம் வந்தது. அதைச் சொல்வதற்கு முன் நான் படித்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த வலைப்பூவுக்குப் பழகியவர்களுக்குத் தெரியும், நான் பொருளுக்கு வருவதற்குள் உங்கள் காபி ஆறிவிடும்.

நான் பிறந்தது புதுச்சேரி. படித்தது முழுக்கப் பிரெஞ்சு வழி. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகும் எங்கள் பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான் ஓடியது. வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, பிறகு வேலைக்காகக் கற்ற ஆங்கிலம். மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக முப்பத்தைந்து வருஷம் கோப்பு தைத்ததில் பிரெஞ்சு எதற்கும் உதவவில்லை. ஆனால் மண்டைக்குள் அது எங்கேயோ உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது.

பாகூர் பக்கத்தில் என் தாய்மாமாவுக்கு நிலம் இருந்தது. அங்கே ஒரு குழாய். மோட்டார் இல்லை, ஏற்றம் இல்லை, கமலை இல்லை. இரவும் பகலும் தண்ணீர் தானாகப் பொங்கி வழியும். மே மாத விடுமுறைக்குப் போனால் நாள் முழுக்க அதன் கீழேதான் உட்கார்ந்திருப்போம். "இது எப்படி மாமா தானா வருது?" என்று கேட்டால், "கீழ அழுத்தம் இருக்குடா, வருது" என்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த விளக்கம். அதில் தப்பும் இல்லை.

அந்த வகைக் கிணற்றுக்கு ஆர்ட்டீசியன் என்று பெயர் வந்ததே வட பிரான்ஸின் அர்த்துவா வட்டாரத்திலிருந்து. மேலும் கீழும் களிமண், நடுவே மணல். மணல் அடுக்கு தொலைவில் மேடான இடத்தில் தரைக்கு வெளியே தலைநீட்டும். மழைநீர் அங்கே இறங்கி, சரிவில் வந்து, களிமண் மூடிக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும். மூடியில் ஓட்டை போட்டால் பொங்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இப்படிப்பட்ட கிணறுகளை 19-ஆம் நூற்றாண்டிலேயே போட ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயருக்கு ஆசை வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் வில்லியம் கிங், புதுச்சேரி ஆர்ட்டீசியன் கிணறுகளைப் பற்றியும், அதுபோல மதராஸுக்கும் கிடைக்குமா என்பது பற்றியும் 1880-ல் ஒரு குறிப்பே எழுதியிருக்கிறார். சென்னையின் தண்ணீர்க் கவலை நேற்று வந்ததல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

தண்ணீர் தேடினால் தண்ணீர்தான் கிடைக்கும் என்றும் இல்லை. பாகூர், அரங்கனூர் பக்கம் 1884 வாக்கில் ஆர்ட்டீசியன் கிணறு துளைத்தபோது பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளைத்தபோதும் கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பிறகு நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம். வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் தேடிக் கரி கிடைத்த இடத்தில், கரி எடுக்க வேண்டுமானால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆர்ட்டீசியன் அழுத்தம் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் நெய்வேலியில் இன்றுவரை பம்புகள் ஓய்வதில்லை.

இனி அம்பத்தூர்.

நாங்கள் 1978-ல் இங்கே வந்தபோது எல்லா வீட்டிலும் உறைக்கிணறு. இருபது அடி, இருபத்தைந்து அடியில் தண்ணீர். வாளியை விட்டால் கை வலிக்கும் முன் மேலே வந்துவிடும். பிறகு தனி வீடுகள் அடுக்குமாடிகளாயின. கிணற்றை மூடி அதன்மேல் கார் நிறுத்தினார்கள். எங்கள் இடத்திலும் அப்படித்தான் ஆகியிருக்கும், நல்லவேளையாகக் கிணறு மூலையில் இருந்ததால் இரும்புத் தகடு போட்டதோடு விட்டார்கள். 2019 ஜூனில் இரண்டு போர்வெல்லும் காற்றை இழுத்தன. லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். என் மனைவி பாத்திரம் கழுவிய தண்ணீரை எடுத்துக் கழிவறைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க ஒருநாளைக்கு நாலு தடவை கீழே இறங்கி வந்து போவார். அது என் மனசை மிகவும் சங்கடப்படுத்தியது.

கூட்டத்தில் செயலாளர் சொன்னார்: "சார், இருநூறு அடி, முந்நூறு அடி எல்லாம் பழைய கதை. எழுநூறு அடி போயிடுவோம். கீழ போகப் போக தண்ணி இருக்கும்."

இடம் பார்க்க ஒருவரை அழைத்து வந்தார்கள். முதலில் ஒரு பெரியவர் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. பிரெஞ்சில் இவரைப் போன்றவருக்கு 'சூர்சியே' என்று பெயர், ஊற்றுக் காண்பவர். சூனியக்காரனுக்கு 'சோர்சியே'. ஓர் எழுத்துதான் வித்தியாசம். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொல்வதெழுதுதலில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு எங்களைக் கவிழ்ப்பார். அடுத்து வந்தவர் இளைஞர், ஒரு பெட்டியும் நாலு இரும்புக் கம்பியும் வயர்ச் சுருளும் கொண்டுவந்தார். "ரெசிஸ்டிவிட்டி பாக்கறேன் சார்" என்றார். பெட்டியை எட்டிப் பார்த்தபோது அவர் வைத்திருந்த தாளின் தலைப்பில் 'ஷ்லும்பெர்ஷே' என்ற பெயர் இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர்க்காரர் பெயரைக் கேட்ட மாதிரி!

கோன்ராட் ஷ்லும்பெர்ஷே அல்சாஸ் பகுதியில் பிறந்த பிரெஞ்சுக்காரர். பாரிஸின் சுரங்கக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். தரைக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, அது எப்படிப் பரவுகிறது என்பதை மேலிருந்தே அளந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்கலாம் என்று நினைத்தார். 1912-ல் நார்மண்டியில், தம் குடும்பத்துக்குச் சொந்தமான வால்-ரிஷே பண்ணையில் அதைச் சோதித்து வரைபடம் போட்டார். பின்னாளில் தம்பி மார்செலும் சேர்ந்துகொண்டார். இன்று உலகெங்கும் எண்ணெய்க் கிணறுகளில் அந்தப் பெயர் இருக்கிறது. நம் ஊர்ப் போர்வெல் ஆட்கள் நாலு கம்பியை நட்டுச் செய்வதும் அவர் வகுத்த முறைதான். வெளிக் கம்பி இரண்டில் மின்சாரம் போகும், உள்ளே இருக்கிற இரண்டில் மின்னழுத்தம் அளப்பார்கள். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் இன்னும் ஆழத்தைப் பார்க்கலாம்.

அங்கேதான் சிக்கல். ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் கம்பிகளுக்கு இடையே தூரம் வேண்டும். நூறு மீட்டர் ஆழத்தைப் பார்க்க முந்நூறு, நானூறு மீட்டராவது நேர்கோட்டில் திறந்த நிலம் வேண்டும். எங்கள் வளாகம் மூலைக்கு மூலை இருபத்தைந்து மீட்டர். அந்தப் பையன் இருபத்தைந்து மீட்டரில் கம்பி நட்டுவிட்டு, "அறுநூறு அடியில் நல்ல பாயிண்ட் இருக்கு" என்று எழுதிக் கொடுத்தான். நான் மெதுவாக, "தம்பி, வயர் இவ்வளவுதானே விட்டீங்க?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "மெஷின்ல வரும் சார்" என்றான். செயலாளருக்கு என் கேள்வி பிடிக்கவில்லை.

போர் போட்டார்கள். நான் பொருளாளர், ரசீதுகளை ஒழுங்காக ஒட்டி வைத்தேன். முதலில் செம்மண். அப்புறம் மஞ்சள் களி. அப்புறம் சாம்பல், கறுப்பு நிறத்தில் கொழகொழவென்று சேறு. அந்தக் கறுப்புச் சேறு நிற்கவே இல்லை. நானூற்றைம்பது அடியில் ரிக் ஓட்டுநரே, "இதுக்கு மேல ராடு மாட்டிக்கும்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். கசிவாக வந்த தண்ணீரும் உப்பு. ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவு. பென்ஷனில் வாழ்கிற பதினோரு குடும்பம் போட்ட பணம் அது.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இந்தக் கறுப்புக் களிப்பாறையைப் புவியியல்காரர்கள் மேல் கோண்டுவானா என்கிறார்கள். இந்தியா தெற்குக் கண்டங்களோடு ஒட்டியிருந்த காலத்தில் படிந்த சேறு இறுகியது. தண்ணீரைப் பிடித்து வைக்கும், விடாது. அதற்கும் கீழே பழைய கெட்டிப் பாறை. தெற்கே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் அந்தப் பாறையே வெளியில் மலையாக நிற்கிறது. அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு நம் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லறையைப் பார்த்துவிட்டுக் கல்லுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர்! எங்கள் கட்டடத்தில் இதை யாரிடம் சொன்னாலும், "அது இருக்கட்டும் சார், தண்ணி வருமா?" என்றுதான் கேட்டார்கள். நியாயம்தான்.

இதே சமயத்தில் என் தங்கை மகன் போனில் வேறொரு கதை சொன்னான். தங்கையைக் கொடுத்தது கடலூர் மாவட்டம் புவனகிரி பக்கம். வெள்ளாறு அவர்கள் ஊருக்கு அருகில் ஓடிப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. மாப்பிள்ளை வீட்டில் நெல், உளுந்து. நிலத்தைப் பார்த்துக்கொள்வது இப்போது மருமகன்தான்.

"மாமா, உங்க கட்டடத்துல கம்பி நட்டுப் பாத்தாங்கன்னு சொன்னீங்களே, எங்க ஊர்ல ஹெலிகாப்டர்லயே வந்து பாத்தாங்க. அஞ்சாறு வருஷம் ஆச்சு."

"ஹெலிகாப்டரா?"

"ஆமா மாமா. கீழ பந்தல் போடற சட்டம் மாதிரி பெருசா ஒண்ணு தொங்குச்சு. வயலுக்கு மேல தாழப் பறந்து, கோடு போட்ட மாதிரி போச்சு, திரும்பி வந்துச்சு. எல்லாரும் பயந்துட்டாங்க. நெய்வேலி மாதிரி நம்ம நிலத்துக்கு அடியிலயும் கரி இருக்கான்னு பாக்கறாங்க, எடுத்துக்கப் போறாங்கன்னு பேச்சு. எங்கம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடல."

நான் விசாரித்தேன், படித்தேன். ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு நேரத்துக்கா பஞ்சம்? அது கரி தேட வந்ததல்ல. மத்திய நிலத்தடி நீர் வாரியம், ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து 2013, 2014 வாக்கில் செய்த சோதனை. நாட்டில் ஆறு இடங்கள். ராஜஸ்தானில் தௌசாவும் ஜெய்சல்மேரும், பீகாரில் பாட்னா பக்கம், மகாராஷ்டிராவில் நாக்பூர் பக்கம், கர்நாடகாவில் தும்கூர், தமிழ்நாட்டில் கீழ் வெள்ளாற்றுப் படுகை. பாலைவன மணல், கங்கை வண்டல், எரிமலைப் பாறை, கிரானைட், கடலோரப் படிவு என்று ஒவ்வொரு வகைக்கும் ஓர் இடம். இந்தியா முழுவதற்கும் நிலத்தடி நீர்த்தேக்கங்களை வரைபடமாக்கும் பெரிய திட்டத்துக்கு முன்னோட்டம் அது. என் மருமகன் உளுந்து விதைத்த வயல் அந்த ஆறில் ஒன்றுக்குள் இருக்கிறது.

கருவி டென்மார்க்கில் பிறந்தது. அங்கே குடிதண்ணீர் ஏறக்குறைய முழுக்க நிலத்தடியிலிருந்துதான். 1990-களின் கடைசியில் அரசாங்கமே தன் நிலத்தடி நீரை வரைபடமாக்கக் கிளம்பியது. அதற்காக ஆர்ஹுஸ்காரர்கள் செய்ததுதான் 'ஸ்கைடெம்'. அதற்கு முன்பே கனடாவில் 1940-களின் கடைசியிலிருந்து விமானத்தில் இப்படிப்பட்ட கருவிகளை ஏற்றித் தாது தேடியிருக்கிறார்கள். தாதுவுக்கு வந்த வித்தை தண்ணீருக்கு வர ஐம்பது வருஷம் ஆயிற்று.

அது வேலை செய்கிற விதத்தைப் படித்தபோது எனக்குப் பள்ளி நினைவு வந்தது. மாறுகிற காந்தப்புலம் ஓர் உலோகத் தகட்டில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று படித்திருப்பீர்கள். பிரெஞ்சில் அதற்கு 'கூரான் த ஃபூக்கோ'. ஊசல் வைத்துப் பூமி சுழல்வதைக் காட்டிய அதே லெயோன் ஃபூக்கோ. இங்கே தகட்டுக்குப் பதில் பூமியே.

ஹெலிகாப்டருக்குக் கீழே தொங்குகிற சட்டத்தில் பெரிய கம்பி வளையம். தரையிலிருந்து முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் அது போகும். வளையத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சிவிட்டுச் சட்டென்று நிறுத்துவார்கள். நிறுத்தின அந்த நொடியில் பூமிக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். பிறந்து, கீழே கீழே பரவி, தேய்ந்து அடங்கும். அந்தத் தேய்வை இன்னொரு சிறு சுருள் கேட்டுக்கொண்டே இருக்கும். கோயில் மணியை ஒரு தடவை அடித்துவிட்டு ரீங்காரம் அடங்குவதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்கல மணி நீண்டு ஒலிக்கும், விரிசல் மணி டக்கென்று நின்றுவிடும். அதுபோல மின்சாரம் எளிதாகப் போகிற களிமண்ணிலும் உப்புநீரிலும் ரீங்காரம் நீளும். கெட்டிப் பாறையில் உடனே அடங்கும். நல்ல தண்ணீர் ஊறிய மணல் இரண்டுக்கும் நடுவே. முதலில் வருகிற ஒலி மேல் அடுக்கைப் பற்றியது, கடைசியாக வருவது ஆழத்தைப் பற்றியது. இதெல்லாம் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். மறுபடி அடி, மறுபடி கேள். இப்படிக் கோடு கோடாகப் பறந்தால், இருநூறு முந்நூறு மீட்டர் ஆழம்வரை பூமியை வெட்டி வைத்த கேக் மாதிரி படம் கிடைக்கிறது.

கம்பி நட வேண்டாம், யார் வேலியையும் தாண்ட வேண்டாம். ஒரு நாளில் பறந்து அளப்பதைத் தரையில் நடந்து அளக்க மாசக்கணக்காகும்.

பிறகு 2021 அக்டோபர் 5 அன்று ஜோத்பூரில் இதையே பெரிய அளவில் தொடங்கினார்கள், ராஜஸ்தான், குஜராத், ஹரியானாவின் வறண்ட பகுதிகளுக்காக. முதல் கட்டம் சுமார் 1 லட்சம் சதுர கிலோமீட்டர், செலவு சுமார் 54 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். பழக்க தோஷம், வகுத்துப் பார்த்தேன். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 5,400 ரூபாய். எங்கள் வளாகத்தில் கறுப்புச் சேற்றை எடுக்க நாங்கள் கொட்டிய பணத்தில் இருபத்தைந்து சதுர கிலோமீட்டருக்கு மேல் பறந்து பார்த்திருக்கலாம். அம்பத்தூரில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் அம்பத்தூரில் அது பறக்காது. பறந்தாலும் பயனில்லை. உயர் அழுத்த மின்கம்பி, இரும்புக் குழாய், தொழிற்பேட்டைத் தகரக் கூரை, அரக்கோணம் ரயில் பாதை எல்லாமே அந்தச் சுருளின் காதில் கத்தும். பூமியின் மெல்லிய ரீங்காரம் அதில் கேட்காது. வீடுகளின் தலைக்கு மேலே அவ்வளவு பெரிய சட்டத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு போகவும் விடமாட்டார்கள். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் விமானப்படைத் தளமும் இருக்கின்றன, அங்கே ஒரு பட்டம் விடுவதற்கே யோசிக்க வேண்டும். வீடு வந்தபிறகு அடியில் பார்க்க முடியாது, பார்க்கிற தேவையும் வீடு வந்தபிறகுதான் வருகிறது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தபோது இங்கே வயலாக இருந்தது. அப்போது இந்தக் கருவி இல்லை.

எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. பாலாறு ஒரு காலத்தில் வடக்கே, இப்போதைய கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் ஓடியது, பிறகுதான் தெற்கே திரும்பியது என்று புவியியலாளர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். பூந்தமல்லி பக்கம் இன்றைக்கும் கிணறு வெட்டினால் சில இடங்களில் நல்ல ஆற்று மணல் வருகிறது, அடுத்த தெருவில் வெறும் களி. கூவம் என்ற சொல்லுக்கே கிணறு என்று ஒரு பொருள் இருக்கிறது. புதைந்த ஆற்றைக் கண்டுபிடிப்பதில் இந்த ஹெலிகாப்டர் கெட்டிக்காரன். பிரயாக்ராஜ் பக்கம் கங்கைக்கும் யமுனைக்கும் நடுவே சுமார் 45 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமுமாக ஒரு பழைய ஆறு மண்ணுக்குள் கிடப்பதை இப்படிப் பறந்துதான் கண்டுபிடித்து, 2021-ல் வெளியிட்டார்கள். உடனே அதுதான் சரஸ்வதி என்று ஒரு கூட்டம் கிளம்பியது, அதை விடுங்கள். நம் பழைய பாலாற்றுக்கும் ஒருநாள் அந்த மாதிரி ஒரு படம் இருந்திருந்தால், எந்தத் தெருவில் கிணறு வெட்டலாம், எங்கே மழைநீரை இறக்கலாம் என்று கையில் தாளோடு பேசியிருக்கலாம்.

ஹெலிகாப்டர் எல்லாம் அறிந்த முனிவர் என்றும் நினைக்க வேண்டாம். அது தண்ணீரைப் பார்ப்பதில்லை. மின்சாரம் போகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கிறது. களிமண்ணும் ரீங்காரத்தை நீட்டும், உப்புநீர் ஊறிய மணலும் நீட்டும். வெள்ளாற்றுப் படுகை மாதிரி கடலோரத்தில் இரண்டும் அடுக்கடுக்காக இருக்கின்றன. எது களி, எது உப்புத்தண்ணீர் என்று தெரிய அங்கங்கே துளை போட்டு மண்ணையும் நீரையும் எடுத்துப் பார்த்துத்தான் படத்தைச் சரிசெய்ய வேண்டும். தும்கூர் போன்ற கிரானைட் நாட்டில் பாறைக்கு மேல் மக்கிய மண் எவ்வளவு கனம் என்று சொல்லும், ஆனால் பாறைக்குள் இருக்கிற விரலளவு வெடிப்பை அது காட்டாது. நம் விவசாயி எழுநூறு அடி போவது அந்த வெடிப்பை நம்பித்தான்.

ஆக, நரம்பு என்ற நம் சொல்லும் முழுக்கப் பொய்யில்லை. கெட்டிப் பாறை ஊர்களில் தண்ணீர் நரம்பாகத்தான் ஓடுகிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் அது விரிப்பு. தர்மபுரிக்காரன் 'நீரோட்டம்' என்பதும் புதுச்சேரியில் என் வாத்தியார் 'நாப்' என்றதும் அவரவர் மண்ணுக்குச் சரி. தப்பு, தர்மபுரிக் கணக்கை அம்பத்தூர்க் களியில் போடுவதுதான்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். கரிக்காக வரவில்லை என்று கேட்டதும் தங்கைக்கு நிம்மதி. மருமகனுக்கு அவ்வளவு சீக்கிரம் நிம்மதி வரவில்லை.

"சரி மாமா. படம் எடுத்தாங்க. அந்தப் படம் யார் கையில இருக்கு?"

"அரசாங்கத்துக்கிட்ட. அறிக்கையா போட்டிருக்காங்க."

"எங்க ஆழத்துல நல்ல தண்ணி இருக்குன்னு அதுல தெரியும் இல்ல? நாங்க நூறு அடியில போட்டா உப்பு அடிக்குது. ஆழமா போட எங்களுக்கு வசதி இல்ல. வசதி இருக்கறவங்க அதைப் பாத்துட்டுப் போட்டா?"

என்ன பதில் சொல்வது? அவன் கேட்டதில் பாதி எங்கள் வீட்டுக் குழாயைப் பற்றியதும்தான். வீராணம் ஏரித் தண்ணீரை வடக்குத்தில் சுத்திகரித்து, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் தள்ளிப் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் போரூருக்குக் கொண்டுவருவது 2004 முதல் நடக்கிறது. ஏரி வற்றினால் சேத்தியாத்தோப்பு, பண்ருட்டிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் அதே குழாயில் தண்ணீர் ஏறும். நெய்வேலிச் சுரங்கத் தண்ணீரிலும் சென்னைக்கு ஒரு பங்கு. அந்த 2019 ஜூனில் எங்கள் கட்டடத்துக்கு வந்த ஒரு லாரித் தண்ணீரில் என் மாமா வயலில் பொங்கிய அதே விரிப்பின் தண்ணீர் எத்தனை குடம் இருந்ததோ. மூன்றாவது மாடி அம்மாவுக்கு அதில்தான் அன்று சாதம் வெந்தது. அவருக்கு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மருமகனிடமும் கவலைப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தியாவில் வரைபடமாக்கத் தகுந்த சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டரையும் 2023 மார்ச்சுக்குள் முடித்துவிட்டதாக நிலத்தடி நீர் வாரியம் சொல்கிறது. எல்லாம் ஹெலிகாப்டரில் அல்ல, பெரும்பகுதி பழையபடி துளை போட்டும் கம்பி நட்டும் செய்தது. மாவட்ட வாரியாக அறிக்கைகள் இணையத்தில் இருக்கின்றன. முழுக்க ஆங்கிலம். மருமகன் பத்தாவதுவரை படித்தவன், நல்ல புத்திசாலி, ஆனால் அந்த ஆங்கிலம் அவனுக்கு நுழையாது. உண்மையைச் சொன்னால் எனக்கே அகராதி வேண்டியிருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் அந்தப் போரை மூடிவிட்டோம். மூலைக் கிணற்றின் தகட்டை எடுத்துவிட்டு, தூர் வாரி, மொட்டைமாடித் தண்ணீரை மணல் வடிகட்டி வழியாக அதில் இறக்கினோம். செலவு போர்வெல்லில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வருஷம் டிசம்பரில் கிணற்றில் பதினெட்டு அடியில் தண்ணீர் நின்றது. இப்போதும் கோடையில் குறையும், பிறகு ஏறும். செயலாளர் அதற்கு மேல் அழகாக வலை போட்டிருக்கிறார், குழந்தைகள் எட்டிப் பார்க்கிறார்கள்.

மருமகனுக்காக நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். அறிக்கையில் அவன் வட்டாரம் வருகிற பக்கங்களைத் தமிழில் எழுதி வருகிறேன். எத்தனை அடிவரை என்ன மண், எந்த அடுக்கில் உப்பு, எந்த அடுக்கில் நல்ல தண்ணீர் என்று. முதல் இரண்டு அடுக்கு முடிந்துவிட்டது. மூன்றாவது அடுக்கில் ஒரு களிமண்ணுக்குச் சரியான தமிழ்ச் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். அவனையே கேட்டேன். "அதுவா மாமா, நாங்க ஊர்ல அதை உவர்க்களின்னு சொல்வோம்" என்றான். அப்படியே எழுதிக்கொண்டேன்.